துடைத்து வைத்த வாசிப்பு

அத்தியாயம் 14

பதில் வந்தபோது பெரியவள் ஒரு மனிதரின் மூச்சை வெட்டிக்கொண்டிருந்தாள்.

பதற வேண்டாம், அவள் தொழில் அது. வங்கியில், ஆஸ்பத்திரியில், ரயில் நிலையத்தில் 'தயவுசெய்து வரிசையில் வரவும்' என்று கேட்கிறதே ஒரு குரல், அந்தக் குரல் நடுவில் மூச்சு வாங்கி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். வாங்கியிருப்பார்கள், பெரியவள் எடுத்திருப்பாள். எச்சில் விழுங்கும் சத்தம், நாக்கு ஒட்டிப் பிரியும் சத்தம், தாள் புரளும் சத்தம், எல்லாவற்றையும் திரையில் கோடுகளாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிவதில் அந்த ஸ்டுடியோவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பதினோரு வருஷ அனுபவம். முதலாளி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகு காலமாகிறது. 'கத்தரிக்கோல்' என்றுதான் கூப்பிடுவார்.

இன்றைக்குத்தான் இந்தக் கதைக்குள் தலை நீட்டுகிறவர்களுக்கு ஒரு சின்ன விவரம். பெரியவளுக்கு ஒரு தம்பி. வீட்டில் எல்லோருக்கும் சின்னவன். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் வேலை, உயிர் மட்டும் எலெக்ட்ரிக் கிதாரில். பாட ஆள் வைத்துக்கொள்ளாமல், கிதாரையே முன்னால் நிறுத்தி வாசிக்கிற ஒரு ராக் குழுவில் கிதார்காரர் விலகிப் போக, வேறு ஆள் தேடினார்கள். சொந்தப் பாட்டு ஒன்றை வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். சின்னவனுக்கு முப்பத்து மூன்று வயது. இதுவும் போனால் கிதாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பட்டறையே கதி என்று இருந்துவிடுவேன் என்று அவனே சொல்லிவிட்டான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்கு வந்து வாசித்தான். பெரியவள் பதிவு செய்தாள். பெரியவளே அனுப்பினாள்.

அதனால் பதிலும் அவளுக்குத்தான் வந்தது.

'பதிவைக் கேட்டோம். மிகச் சுத்தமான வாசிப்பு. ஒரு பிழைகூட இல்லை. ஆனால் வாசிப்பது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. எங்களுக்குச் சரிவராது. மன்னிக்கவும்.'

அனுப்பியவர் குழுவின் தலைவி. ட்ரம்ஸ் வாசிப்பவர். எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள்.

பெரியவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பாதி மூச்சோடு நின்றுபோயிருந்த மனிதரை அப்படியே திரையில் விட்டுவிட்டு எழுந்தாள்.

இத்தனை வாரமாக நான் உங்களிடம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அவளே தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாததால் நானும் விட்டுவிட்டேன். இனி மறைத்துப் பயனில்லை.

சின்னவன் வாசித்துவிட்டுப் போன மறுநாள், மதிய இடைவேளையில், அந்தப் பதிவைத் திறந்தாள். லேசாகத் தூசி தட்டி அனுப்பலாம் என்றுதான் நினைத்தாள். விரல் கம்பியில் உரசுகிற சத்தம் ஒன்றை எடுத்தாள். ஒன்றை எடுத்ததும் பக்கத்தில் இருந்தது கண்ணை உறுத்தியது. அதை எடுத்ததும் ஒரு ஸ்வரம் தாளத்துக்குப் பின்னால் விழுவது தெரிந்தது. அதை இழுத்துச் சரியான இடத்தில் உட்கார வைத்தாள். இன்னொன்று சுருதிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கி விட்டாள். கை வைத்தால் முடிக்காமல் விடமாட்டாள். நாலு நாள் மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

முடித்ததும் தம்பியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான். 

"அக்கா, நான் இவ்வளவு நல்லாவா வாசிச்சேன்?"

"ஆமாடா."

அந்த ஒரு 'ஆமா'வைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

*

அசல் பதிவு இருந்தால் கதை இந்த வாரமே முடிந்துவிடும். இல்லை. இரண்டு வாரம் தாண்டிய அசல் பதிவுகளை அழித்துவிடுவது ஸ்டுடியோ வழக்கம், கம்ப்யூட்டரில் இடம் போதாது. அழிக்கிற பொறுப்பும் கத்தரிக்கோலிடம்தான். போன வெள்ளிக்கிழமை ஒரு மருந்துக் கம்பெனி விளம்பரத்தோடும் இரண்டு ஆஸ்பத்திரி அறிவிப்புகளோடும் சேர்த்துத் தம்பியையும் அழித்திருந்தாள்.

மிச்சம் இருந்தது மஞ்சள் தாள்.

அந்த ஸ்டுடியோவில் ஒரு கட்டாயம் உண்டு. எங்கே வெட்டினாலும், எதைத் திருத்தினாலும் மஞ்சள் தாளில் கையால் எழுதி வைக்க வேண்டும். எந்த நேரத்தில், என்ன இருந்தது, என்ன செய்தோம். நாளைக்கு வாடிக்கையாளர் வந்து 'என் குரல் இப்படியா இருக்கும்?' என்று சண்டைக்கு நின்றால் எடுத்துக் காட்டுவதற்கு. பழக்க தோஷம், தம்பியின் பாட்டுக்கும் எழுதியிருந்தாள். அலமாரியில் தேடி எடுத்தாள். ஆறு தாள், இருநூற்றுப் பன்னிரண்டு வரி. பாட்டின் நீளம் நாலரை நிமிஷம்.

நின்றுகொண்டே படித்தாள்.

'0:09. ஸ்வரம் தொடங்கும் இடம் தெரியாமல் நுழைகிறது. தொடக்கம் தெளிவாக்கப்பட்டது.'

அது ஏன் அப்படி நுழைந்தது என்று அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. சின்னவன் பிக் என்கிற சின்ன வில்லையால் கம்பியைத் தட்டும்போது ஒலி அளவுக் குமிழைப் பூஜ்யத்தில் வைத்திருப்பான். தட்டிய பிறகு சுண்டுவிரலால் மெல்லத் திருகுவான். தட்டும் சத்தம் கேட்காது, ஒலி மட்டும் எங்கிருந்தோ வந்து நிறையும். அதற்குத்தான் அவள் ஒரு தட்டும் சத்தத்தை ஒட்ட வைத்திருந்தாள்.

'0:41. விரல் உரசும் ஒலி. நீக்கப்பட்டது.'

'1:15. ஒரே ஸ்வரம் மூன்று முறை. மூன்றும் வெவ்வேறு அழுத்தம். சமமாக்கப்பட்டது.'

முதலில் கேட்பது, பிறகு வற்புறுத்துவது, பிறகு போனால் போகிறது என்று விடுவது. அப்படித்தான் இருந்தது அந்த மூன்றும். பதிவு செய்யும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவளே தலையாட்டியிருக்கிறாள்.

'2:07. சுருதிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. ஏற்றப்பட்டது. தாளத்துக்குப் பிந்தி வருகிறது. முன்னே இழுக்கப்பட்டது. நடுக்கம் சீரில்லை. சீராக்கப்பட்டது.'

இந்த இடத்தில் பெரியவள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடம். பெடலை மிதித்ததும் ஒலி கரகரத்துப் பருக்கும். மூன்று விரலைச் சேர்த்து வைத்துக் கம்பியை மேலே தள்ளுவான். ஸ்வரம் ஏறும். காது எங்கே எதிர்பார்த்துக் காத்திருக்கிறதோ அதற்கு ஒரு நூல் கீழே வந்து நின்றுவிடும். தாளம் அதைத் தாண்டிப் போய்விடும். அழைப்பு மணி வரை கையை நீட்டிவிட்டு அழுத்தாமல் நிற்கிறவன் மாதிரி அங்கேயே நடுங்கிக்கொண்டு நிற்பான். இனி வரமாட்டான் என்று நாம் கை விடுகிற நேரத்தில் உள்ளே வருவான். பாட்டில் வார்த்தை கிடையாது, என்ன சொல்ல வந்தான் என்று யாரும் கேட்டதும் கிடையாது. கேட்கத் தோன்றாது.

'3:30. இரண்டு விநாடி எதுவும் வாசிக்கப்படவில்லை. குறைக்கப்பட்டது.'

தம்பியின் வாசிப்பு இப்போது உலகத்தில் இந்த ஆறு தாளில் மட்டும் இருந்தது, அதுவும் தவறுகளின் பட்டியலாக. எழுத்து அவளுடையது. குண்டு குண்டான, அழகான கையெழுத்து. அதைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

*

கேப்டனுக்கு அவளே போன் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"அந்தப் பதிவை அனுப்பினது நான்தான். அவனோட அக்கா."

"பதில் போட்டாச்சே. பார்க்கலையா?"

"பார்த்தேங்க. ஆனா நீங்க கேட்டது அவன் வாசிச்சது இல்ல."

"பின்ன யாரு வாசிச்சா?"

"வாசிச்சது அவன்தான். நான் திருத்திட்டேன்."

மறுமுனையில் யாரோ எதையோ நகர்த்தினார்கள். ட்ரம்ஸின் சிம்பல் தட்டு ஒன்று லேசாக அதிர்ந்து அடங்கியது.

"எவ்வளவு திருத்தினீங்க?"

"இருநூத்திப் பன்னிரண்டு இடத்துல."

"நாலரை நிமிஷப் பாட்டுலயா?"

"ஆமா."

"உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

"இதுதாங்க என் வேலை."

கேப்டன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று பெரியவளுக்குப் பட்டது.

"அசல் இருக்கா?"

"இல்ல. அழிச்சிட்டேன்."

"அப்போ நான் எதை வெச்சு நம்பறது?"

"ஆளை வெச்சு நம்புங்க. ஒரு தடவை நேர்ல வரச் சொல்லுங்க. தப்பு என்னோடது. அவனுக்கு இது எதுவுமே தெரியாது."

கேப்டன் கொஞ்சம் யோசித்தார். பேச ஆரம்பித்தபோது குரலில் கடுமை குறைந்திருந்தது, இரக்கம் என்று சொல்ல முடியாது.

"பாருங்கம்மா. பாட ஆள் இருக்கிற குழுன்னா வார்த்தை எல்லாத்தையும் பார்த்துக்கும். எங்ககிட்ட வார்த்தை கிடையாது. கம்பியைத் தள்ளுற கை எங்க பொறுமையா இருக்கு, எங்க ஆத்திரப்படுது, எங்க சும்மா இருக்கு, அதுதான் எங்களுக்குப் பேச்சு. சுத்தமா வாசிக்கிறவங்க இந்த மாசம் மட்டும் பதினாலு பேர் அனுப்பியிருக்காங்க. பதினாலையும் கலந்து போட்டா யாரு எதுன்னு அவங்கவங்க அம்மாவுக்கே தெரியாது."

"தெரியுதுங்க."

"நாளைக்கு மத்தியானம் ஒருத்தரை முடிவு பண்றோம். உங்க தம்பியைக் காலைல பத்து மணிக்கு வரச் சொல்லுங்க. அதே பாட்டு. ஒரே தடவை. நீங்களும் வரலாம்."

"ரொம்ப நன்றிங்க."

"வந்து வெளியில உட்காருங்க."

*

பட்டறைக்குப் போக அவள் ஏறியது அம்மாவின் பஸ். திட்டமிட்டு ஏறவில்லை. நிறுத்தத்தில் வந்து நின்ற பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கையில் அம்மா இருந்தாள்.

அம்மா இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறாள். விடியற்காலை ஷிப்ட். ஒன்றரைக்கு வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்குப் படுப்பாள். சரியாக அந்த நேரத்தில்தான் சின்னவனும் பட்டறையிலிருந்து வந்து கூடத்தில் கிதாரை எடுப்பான். நடுவில் ஒரே ஒரு சுவர். அம்மா ஒரு நாளும் குறை சொன்னதில்லை, கேட்டபடியே தூங்கிப்போவாள். அவன் வாசிக்கிற அந்தப் பாட்டுக்குக் குடும்பத்தில் பெயரே 'மூணு மணி' என்று ஆகிவிட்டது.

'ஓட்டுநருடன் பேசக் கூடாது' என்ற பலகைக்குக் கீழே பெரியவள் நின்றுகொண்டாள். பலகை பயணிகளுக்கு மட்டும்தான் என்பது அம்மாவின் கட்சி. சிவப்பு விளக்கில் நிறுத்தியதும் திரும்பினாள்.

"வேலை நேரத்துல எங்கடி கிளம்பிட்ட?"

"பட்டறைக்கு. சின்னவனைப் பார்க்கணும்."

"பதில் வந்துச்சா?"

"இன்னும் வரல." சொன்ன வேகம் அவளுக்கே பிடிக்கவில்லை.

"வரட்டும், வரட்டும். எனக்கு முதல்ல தூக்கம் வரட்டும். மூணு வாரமா மத்தியானம் கண்ணை மூடினா தூக்கமே ஒட்ட மாட்டேங்குது. தலையணையை மாத்திப் பார்த்தேன். கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் ஆகல."

"டாக்டரைப் பாரேன்ம்மா."

"வயசுன்னு சொல்லுவாரு. அதைக் கேட்கவா போகணும்?" பச்சை விழுந்தது. அம்மா முன்னால் பார்த்துக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தாள். "இந்தப் புது வண்டியும் அப்படித்தான். சத்தமே கிடையாது. பழசு ஏத்தத்துல ஏறும்போது முனகும், சலிச்சுக்கும், மேல வந்ததும் ஒரு பெருமூச்சு விடும். அதுக்கு என்ன வேணும்னு காலுக்கே தெரியும். இது போறதும் தெரியல, நிக்கறதும் தெரியல. என்னத்தை ஓட்டுறோம்னே புரியல."

பெரியவள் கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மஞ்சள் தாள்கள் இருந்தன.

*

பட்டறையில் ஆறு சக்கரம் சுற்றுகிறது. ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தேய்த்த பொடி தண்ணீரோடு சேர்ந்து வெள்ளைக் குழம்பாக எல்லோருடைய முழங்கை வரை அப்பியிருக்கும். சின்னவன் ஒரு லென்ஸைத் தூக்கி, டியூப் லைட்டின் நேர்க்கோடு அதில் வளையாமல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் அவன் முகத்தில் கேள்வி வந்துவிட்டது.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. கையைக் கழுவிட்டு வா."

கழுவும் தொட்டி ஓரமாக நின்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கேப்டன் எழுதியதைச் சொன்னாள். தான் செய்ததைச் சொன்னாள். அசல் போய்விட்டதையும் சொன்னாள். இத்தனை வருஷமாக மற்றவர்களின் தடுமாற்றத்தை எடுத்தவள், தன் பேச்சில் எத்தனை தடவை மூச்சு வாங்குகிறோம் என்பதை அன்றைக்குத்தான் கேட்டாள்.

சின்னவன் குழாயை மூடினான். கையை நீட்டினான். மஞ்சள் தாள்களைக் கொடுத்தாள்.

ஈர விரலால் புரட்டினான். முதல் தாளில் சிரித்தான். "விரல் உரசும் ஒலி. நீக்கப்பட்டது. இதைக்கூடவா விட்டு வைக்கல?" இரண்டாவது தாளில் சிரிப்பு நின்றது. மூன்றாவதில் ஒரு வரியை விரல் வைத்துத் திரும்பப் படித்தான்.

"ரெண்டு ஏழுல நான் பிந்தியா வாசிச்சேன்?"

"ஆமா."

"எப்பவுமா?"

"ரெண்டு வருஷமா கேட்கிறேன். எப்பவும் அப்படித்தான்."

"யாரும் சொல்லவே இல்லையே."

"அது தப்புன்னு யாருக்கும் தோணலடா. திரையில பார்த்தப்போ எனக்குத்தான் தோணிச்சு. கேட்டப்போ தோணல."

அவள் திட்டுக்குத் தயாராக நின்றாள். ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். அவன் கோபப்படவில்லை, அதுதான் அவளைக் கலக்கியது.

"நீ செஞ்சதைக்கூட விட்டுடலாம்க்கா. நீ போட்டுக் காட்டினப்போ நான் கண்ணை மூடிக் கேட்டேன். நல்லா இருக்குன்னு சந்தோஷப்பட்டேன். அது நான் இல்லன்னு எனக்கே தெரியலையே. முகம் தெரியாத அந்தக் கேப்டன் அம்மா நாலரை நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டாங்க."

"நாளைக்குப் பத்து மணிக்கு நேர்ல வரச் சொல்லிட்டாங்க. நீ எப்பவும் வாசிக்கிற மாதிரி போய் வாசி. போதும். அவங்க காதுல விழுந்தா விடமாட்டாங்க."

சின்னவன் நிமிர்ந்தான்.

"எப்பவும் வாசிக்கிற மாதிரியா?"

"ஆமா. ஏன்?"

"மூணு வாரமா நான் அப்படி வாசிக்கலையே." அவன் தாள்களை மடித்தான். "ரெகார்டிங்ல அவ்வளவு சரியா வாசிச்சுட்டு, வீட்டுக்கு வந்து வாசிச்சா எல்லாம் பிந்துது, இழுக்குது. கை கெட்டுப்போச்சுன்னு பயந்துட்டேன். கூப்பிட்டாங்கன்னா அசிங்கமாப் போயிடுமேன்னு, அந்த ரெகார்டிங்கை ஹெட்போன்ல போட்டுக்கிட்டு அது கூடவே வாசிச்சேன். தினம் ஐம்பது தடவை இருக்கும். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. போன வாரம்தான் உட்கார்ந்துச்சு."

"எது?"

"எல்லாம். ஒரு நூல் பிசகாம."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் பழைய பெருமை ஒரு துளி மிச்சம் இருந்தது. தான் அழித்தது ஒரே ஒரு பதிவை என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

*

வீட்டுக்கு வந்தபோது மூன்று பத்து. அம்மா படுத்திருந்தாள், அறைக் கதவு சாத்தியிருந்தது. சாப்பாட்டு மேசையில் புதுத் தலையணையின் உறை பிரிக்கப்பட்டுக் கிடந்தது.

சின்னவன் கிதாரை எடுத்துக் கம்பிகளைச் சரிபார்த்தான். குட்டி ஆம்ப்ளிபயரின் ஒலி அளவை எப்போதும் போல இரண்டில் வைத்தான். போனை அணைத்து மேசையில் குப்புறக் கவிழ்த்தான். ஹெட்போனை அக்காவின் கையில் கொடுத்துவிட்டான். மஞ்சள் தாள்களை நாற்காலி முதுகில் சாய்த்து வைத்தான்.

"படிச்சு வாசிக்கப் போறியா?"

"இதுல இருக்கிறதைத் திருப்பிச் செஞ்சா சரியாப் போச்சு. முன்னால இழுத்ததைப் பின்னால தள்ளணும். ஏத்தினதை இறக்கணும். இதுல என்ன கஷ்டம்?"

வாசித்தான். 0:09க்குச் சுண்டுவிரலால் குமிழைத் திருகினான். சரியாக வந்தது. பெரியவளுக்கு நம்பிக்கை பிறந்தது. 1:15 வந்தது. மூன்று அழுத்தம், மூன்றையும் வேறு வேறாக வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு வைப்பது தெரிந்தது. 2:07க்குக் கம்பியைத் தள்ளினான். வேண்டுமென்றே காத்திருந்தான். தாளம் போனதும் உள்ளே வந்தான்.

கிதாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினான்.

"நடிக்கிற மாதிரி இருக்கு, இல்ல?"

அவள் பொய் சொல்லவில்லை. முன்பு சொன்ன ஒரு 'ஆமா'வே இவ்வளவு தூரம் இழுத்து வந்திருந்தது.

"நொண்டற மாதிரி இருக்கு."

மறுபடி வாசித்தான். மறுபடி. பிந்தினால் பொய்யாக இருந்தது. பிந்தாவிட்டால் பதிவில் இருந்தது போலவே இருந்தது. நாலாவது தடவை எழுந்து போய்த் தாள்களைக் கவிழ்த்து வைத்தான்.

"பார்க்காம வாசிக்கிறேன். கை அது பாட்டுக்குப் போகட்டும்."

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். திரை இல்லை, கோடு இல்லை, காது மட்டும்தான். அவன் ஆரம்பித்தான். விரல் உரசல்கூடக் குறைந்துவிட்டிருந்தது, அவ்வளவு பழகியிருந்தான். பெடலை மிதித்தான். மூன்று விரலும் கம்பியைத் தள்ளின. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நில்லு, ஒரு நூல் கீழேயே நில்லு, தாளம் போகட்டும்.

ஸ்வரம் ஏறியது. நேராகப் போய், சரியான சுருதியில், சரியான நேரத்தில் உட்கார்ந்தது. நடுக்கம் சீராக இருந்தது. அவள் நாலு நாள் சாப்பாட்டை ஆறவிட்டுச் செய்து முடித்த அதே இடம். திருத்த ஒன்றுமில்லை.

அவன் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனான். 3:30ல் இரண்டு விநாடி மௌனம் வர வேண்டும். அரை விநாடி வந்தது.

அந்த அரை விநாடியில் உள்ளறையிலிருந்து கட்டில் கிறீச்சிட்டது. அம்மாவின் குரல், தூக்கத்துக்கு ஏங்கிச் சலித்துப்போன குரல், சுவரைத் தாண்டி வந்தது.

"டேய் சின்னவனே! மூணு வாரமா ஏன் தூக்கம் வரலன்னு இப்பத்தான் புரியுது. அந்த ரெக்கார்டை நிறுத்துடா!"

சின்னவன் உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்து அமுக்கினான். கூடம் அமைதியானது. மேசை மேல் போன் அணைந்து கிடந்தது. அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா கையிலிருந்த ஹெட்போனைப் பார்த்தாள்.

"நிறுத்திட்டேன்மா," என்றான்.

"ம். இப்போ நீ வாசி. நான் தூங்கணும்."